அம்பின் இறகும் தொழுகையின் சுத்தமும்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்டையார்பேட்டையில் நாம் இமாமத்துச் செய்து வரும் பள்ளிவாசலில் ளுஹர் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும், பின் ஸப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும் வாலிபர் ஒருவர் முதுகில் அம்பறாத்தூணியைத் தொங்கவிட்டபடியே தொழுதிருக்கிறார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "பள்ளிக்குள்ளே பருந்து இறகா? எடுத்து வெளியே போடப்பா!" என்று அதட்டினார். வாலிபரோ, "வில்வித்தை சுன்னத்துத்தானே, சாச்சா? இதிலே என்ன தப்பு?" என்று பணிவாகத்தான் கேட்டார். இருவரும் நம்மிடம் வந்தார்கள்.

விசாரித்தோம். அவர் ஓராண்டாகப் பழைய முறைப்படி மர வில்லும் மூங்கில் அம்பும் கொண்டு பயிற்சி செய்து வருகிறார். ஞாயிறு காலையில் பயிற்சி; அது முடிந்து நேரே பள்ளிக்கு வருகிறார். அம்புகளை அவரே செய்கிறார். இறகு மட்டும் கடையில் வாங்கினால் விலை அதிகம் என்று, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் குடலுக்காக வட்டமிடும் பருந்துகள் உதிர்த்த இறகுகளைப் பொறுக்கி வந்து ஒட்டியிருக்கிறார். அம்புகள் பார்க்க அழகாகவே இருந்தன.

நாமும் அவசரப்பட்டோம். "இறகில் உயிர் கிடையாது, அது சுத்தமானதுதான். தொழுகைக்குக் குறைவில்லை, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். இரவு வீட்டில் கிதாபைப் புரட்டியபோதுதான் நாம் சொன்னது பாதிச் சட்டம் என்று உறைத்தது. அது ஹனபி மத்ஹபின் சட்டம். வந்தவர் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர் என்பதை நாம் கேட்கவே இல்லை. தொண்டியிலிருந்து வந்து இங்கே தங்கிய குணங்குடி மஸ்தான் சாஹிபு அவர்களாலேயே இவ்வூருக்குத் தொண்டியார்பேட்டை என்று பெயர் வந்ததாக ஊரார் சொல்வார்கள். (1693-லேயே கும்பினியார் பெற்ற கிராமங்களில் இந்தப் பெயர் இருப்பதால், பெயர் அவருக்கு முந்தியது என்பாரும் உண்டு, அது வேறு விஷயம்.) கடற்கரை ஊர்களிலிருந்து வந்த ஷாபிஈகளும், உள்நாட்டு ராவுத்தர்களும் உருது பேசும் மக்களுமான ஹனபிகளும் ஒரே ஸப்பில் தோளோடு தோள் நிற்கும் ஊர் இது. இத்தகைய ஊரில் இமாமத்துச் செய்பவர், கேட்பவரின் மத்ஹபு என்ன என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அம்புக்கு எந்த இறகு, எந்தச் சிறகின் இறகு, எப்படி எடுத்த இறகு என்பது விளையாட்டுக்காரர்களின் கவலை மட்டுமல்ல. நம் பிக்ஹு நூல்களுக்கும் ஹதீதுகளுக்கும் அதில் நெடுநாள் உறவு உண்டு. அதை இங்கே எழுதுகிறோம். வில்லைத் தொடாத வீட்டாருக்கும் இதில் ஒன்றிரண்டு செய்தி இருக்கிறது.

முதலில் வித்தையின் சிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அது பலரும் அறிந்ததே. எதிரிகளுக்காக இயன்ற பலத்தைத் தயாராக்கி வையுங்கள் என்று அல்லாஹு தஆலா அன்ஃபால் அத்தியாயத்தின் 60-ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். அந்தப் 'பலம்' என்பது அம்பெய்தல்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பர் மீதிருந்து மும்முறை விளக்கியதை உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. ஒரே அம்பின் காரணமாக மூவர் சுவனம் புகுவர் என்றும், அவர்களில் முதல்வர் நன்மையை நாடி அந்த அம்பைச் செய்தவர் என்றும் அபூதாவூத், திர்மிதீ முதலிய கிரந்தங்களில் வருகிறது. எய்தவருக்கு முன்னால் செய்தவர் சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். தண்டைச் சீவி, முனை பொருத்தி, இறகு ஒட்டும் கைக்கு அத்தனை மதிப்பு.

இறகைக் குறிக்கும் அரபிச் சொல் ஒன்று ஹதீதில் வருகிறது. அதைப் புரிந்துகொள்ள அம்பு செய்பவரின் பட்டறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். முன்னோரின் வழியை இந்த உம்மத்தினர் அப்படியே பின்பற்றுவார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீதை ஜும்ஆ பயான்களில் நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். சாணுக்குச் சாண், முழத்துக்கு முழம் என்பது ஸஹீஹான கிரந்தங்களில் வரும் வாசகம். முஸ்னத் அஹ்மதில் வரும் மற்றோர் அறிவிப்பில் 'குத்தாவுக்குக் குத்தா' என்ற பொருளில் வருகிறது. மொழிபெயர்ப்பவர்கள் இதை 'அடிக்கு அடி' என்று சொல்லித் தாண்டிவிடுவார்கள். குத்தா என்றால் அம்பில் ஒட்டுவதற்காகக் கத்தரித்துச் சமன் செய்த இறகு, பன்மையில் குதத். ஓர் அம்பில் ஒட்டும் இறகுகள் நீளத்திலும் உயரத்திலும் வடிவத்திலும் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாதிருக்க வேண்டும். ஒன்றை வெட்டி, அதை அளவாக வைத்து அடுத்ததை வெட்டுவார்கள். அதுதான் உவமை. காலடி ஒத்துப்போவதைவிட இது எவ்வளவு நுட்பமான ஒப்புமை என்பது, இறகு வெட்டிப் பார்த்தவருக்கே முழுதும் விளங்கும்.

அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு ஹதீதில், மார்க்கத்தை விட்டு வெளியேறும் ஒரு கூட்டத்தார் வேட்டைப் பிராணியைத் துளைத்து மறுபுறம் பாய்ந்த அம்புக்கு ஒப்பிடப்படுகிறார்கள். வேட்டைக்காரன் முனையைப் பார்க்கிறான், முனையைக் கட்டிய நரம்பைப் பார்க்கிறான், தண்டைப் பார்க்கிறான், கடைசியில் இறகுகளைப் பார்க்கிறான். எதிலும் இரத்தக் கறை இல்லை. இறகு இரத்தத்தை எளிதில் பிடித்துக்கொள்ளக் கூடிய பொருள். அதிலேயே ஒட்டவில்லை என்றால் அம்பு எவ்வளவு வேகமாகக் கடந்திருக்கும்! புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீது இது.

திருக்குர்ஆன் மாயிதா அத்தியாயத்தில் விலக்கும் 'அஸ்லாம்' என்பவையும் அம்புகள்தாம். ஆனால் முனையும் இறகும் இல்லாத வெறும் குச்சிகள், குறி பார்க்கப் பயன்பட்டவை. அவற்றைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.

இனி இறகின் வேலை என்னவென்று பார்ப்போம். நாணை விட்டுக் கிளம்பும் அம்பு நேராகக் கிளம்புவதில்லை. வளைந்து நெளிந்து மீன் நீந்துவதுபோல் கிளம்புகிறது. பின்புறத்து இறகு காற்றைப் பிடித்து வாலை இழுத்து, முனைக்குப் பின்னால் நேராக்குகிறது. அதோடு அம்பைச் சுழலவும் வைக்கிறது. இறகு உயரமாகவும் நீளமாகவும் இருந்தால் அம்பு விரைவில் நிதானப்படும். ஆனால் வேகம் குறையும், தொலைவும் குறையும். தாழ்வாகவும் குட்டையாகவும் இருந்தால் தொலைவு கிடைக்கும்; ஆனால் எய்தவரின் கைத்தவறு எதையும் அது மன்னிக்காது. தொலைவுப் போட்டிக்குத் துருக்கியர் செய்த அம்புகளில் இறகு மிகச் சிறியதாக இருப்பதும், கனமான முனை கொண்ட வேட்டை அம்புகளில் பெரியதாக இருப்பதும் இதனால்தான். புதிதாகப் பழகுபவர் நான்கு முதல் ஐந்து அங்குல நீளத்தில் மூன்று இறகு ஒட்டிக்கொள்வது நல்லது. தண்டுக்கு நேர்கோட்டில் ஒட்டலாம். சற்றே சாய்த்தோ முறுக்கியோ ஒட்டினால் சுழற்சி கூடும், வேகம் கொஞ்சம் குறையும். நான்கு இறகு ஒட்டுவாரும் உண்டு. மூன்று ஒட்டினால் அவற்றில் ஒன்று நாண் பொருந்தும் பிளவுக்குக் குறுக்காக, வில்லுக்கு எதிர்ப்புறம் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் மற்ற இரண்டும் வில்லில் உரசாமல் படிந்து போகும்.

பிளாஸ்டிக் இறகு மலிவாகக் கிடைக்கிறதே, அதை ஒட்டினால் சுத்தம், அசுத்தம் என்ற பேச்சே வராதே என்று பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. இன்றைய போட்டி வில்லில் அம்பு தங்குவதற்குத் தனிக் கருவி பொருத்தியிருக்கிறது; அதில் பிளாஸ்டிக் சரிப்படும். பழைய முறை வில்லில் அம்பு எய்பவரின் கைமீதே தங்குகிறது. விறைத்த பிளாஸ்டிக் வில்லிலும் கையிலும் மோதி அம்பை எகிறச் செய்துவிடும். பறவையின் இறகோ மோதிய இடத்தில் படிந்து கொடுத்து, தாண்டியதும் நிமிர்ந்துகொள்ளும். நம் நாட்டுத் தேசியப் போட்டிகளில் மூங்கில் வில்லுக்கென்றே 50 மீட்டர், 30 மீட்டர் தொலைவில் 'இந்தியன் ரவுண்டு' என்ற பிரிவு இருக்கிறது. இம்மாதிரி வில்லை எடுப்பவர்களுக்கு இறகைத் தவிர்க்க முடிவதில்லை.

எந்தச் சிறகு என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். பறவையின் இடச் சிறகில் உள்ள இறகுகள் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். வலச் சிறகில் உள்ளவை எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். ஓர் அம்பில் மூன்றும் இடச் சிறகாகவே இருக்கட்டும், அல்லது மூன்றும் வலச் சிறகாகவே இருக்கட்டும். இரண்டுக்கும் பலன் ஒன்றே. சுழலும் திசை மட்டும் மாறும். கலந்து ஒட்டினால் அம்பு தடுமாறும். இதைப் பழைய அரபிகள் எவ்வளவு அழகாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்! இறகின் குழிந்த பக்கத்தை 'வயிறு' என்றும், குவிந்த பக்கத்தை 'முதுகு' என்றும் சொல்வார்கள். ஒரு இறகின் வயிறு அடுத்த இறகின் முதுகைப் பார்த்தபடி வரிசையாக அமைந்தால் அதற்கு 'லுஆம்' என்று பெயர், அதுவே உயர்ந்தது. வயிறும் வயிறும், அல்லது முதுகும் முதுகும் ஒன்றையொன்று பார்த்தால் அது 'லுகாப்', மட்டமானது. ஒரே சிறகின் இறகுகளை ஒட்டினால் தானாகவே லுஆம் அமைந்துவிடும் என்பதை நமது வாலிபரின் அம்புகளைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொண்டோம். மதரஸாவில் அகராதியில் படித்தபோது அது வெறும் சொல்லாகவே இருந்தது.

இறகின் நடுத்தண்டுக்கு இருபுறமும் உள்ள மடல்களில் குறுகியது விறைப்பானது; அதையே அரபிகள் மேலாகக் கருதியதாக அகராதிகள் கூறுகின்றன. இன்று அம்பு செய்பவர்கள் பெரும்பாலும் அகன்ற மடலை எடுக்கிறார்கள். எதை எடுத்தாலும் ஓர் அம்பில் இரண்டையும் கலக்கக் கூடாது.

இப்போது மஸ்அலாவுக்கு வருவோம். போர்க்களத்தில் அச்ச நேரத் தொழுகை பற்றி நிஸா அத்தியாயத்தின் 102-ஆம் வசனம் பேசுகிறது. தொழும்போதும் ஆயுதங்களை எடுத்துக்கொள்ளுமாறு அதில் கட்டளை வருகிறது. அந்த ஆயுதம் எப்படி இருக்க வேண்டும் என்று ஷாபிஈ பிக்ஹு நூல்கள் விவரிக்கின்றன. அது ருகூவு, ஸுஜூதுக்குத் தடையாக இருக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவரைக் குத்தி நோவினை தரக் கூடாது. நஜீஸாக இருக்கக் கூடாது. நஜீஸான ஆயுதத்துக்கு உதாரணமாக இரண்டைக் காட்டுகிறார்கள். ஒன்று, இரத்தம் தோய்ந்த வாள். இரண்டாவது, செத்த பிராணியின் இறகோ, உண்ண ஆகுமில்லாத பறவையின் இறகோ ஒட்டப்பட்ட அம்பு! நமது வாலிபரின் கேள்விக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த பதில் இது. எதிரி எதிரே நிற்கும் வேளையிலேயே அத்தகைய அம்பைச் சுமந்து தொழலாகாது என்றால், காசிமேட்டுக் காற்று வாங்கிவிட்டு வந்து தொழுபவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் அடிப்படை என்ன? உயிருள்ள பிராணியிலிருந்து துண்டிக்கப்பட்டது செத்ததற்குச் சமம் என்று ஹதீது இருக்கிறது. அப்படியானால் ஆட்டு ரோமமும் வாத்து இறகும் அசுத்தமாகிவிடுமே என்று கேட்கலாம். நஹ்ல் அத்தியாயத்தின் 80-ஆம் வசனத்தில் கால்நடைகளின் கம்பளியையும் ரோமத்தையும் முடியையும் அல்லாஹு தஆலா தன் அருட்கொடையாகச் சொல்லிக் காட்டுகிறான். ஆகவே உண்ண ஆகுமான பிராணியின் முடியும் இறகும் உயிரோடிருக்கும்போது பிரிந்தாலும், முறைப்படி அறுத்த பின் எடுத்தாலும் சுத்தமானவை. உண்ண ஆகாத பிராணியினுடையது பிரிந்துவிட்டால் நஜீஸ். தானாகச் செத்ததன் இறகும் நஜீஸ். இது ஷாபிஈ மத்ஹபு. ஹனபி மத்ஹபிலோ முடி, இறகு, கொம்பு போன்றவற்றில் உயிர் ஓடுவதில்லை என்பதால், சாவு அவற்றைத் தொடுவதில்லை. செத்த பறவையின் இறகானாலும், பருந்தின் இறகானாலும் சுத்தமே. அடிக்காம்பில் ஒட்டிய இரத்தத்தையும் கொழுப்பையும் மட்டும் கழுவிவிட வேண்டும்.

பருந்து எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் ஐயமே இல்லை. ஹரமிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து பிராணிகளில் காக்கையோடு பருந்தும் ஹதீதில் சொல்லப்பட்டிருக்கிறது. நகத்தால் பற்றி வேட்டையாடும் பறவைகள் உண்ண விலக்கப்பட்டவை. பழைய வில்லாளிகள் கழுகின் இறகைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். அது வித்தையின் பேச்சு. வித்தையையும் சட்டத்தையும் ஒருங்கே அறிந்தவர் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள். இளமையில் பத்து அம்பு எய்தால் பத்தும் குறியில் தைக்கும் அளவுக்குத் தேர்ந்தவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வில்லைத் தோளில் மாட்டியபடி தொழலாம், ஆனால் அது ஆடி அசைந்து கவனத்தைக் கலைத்தால் வெறுக்கத்தக்கது. விரலில் போடும் தோலுறை சுத்தமான தோலானால் தொழுகை கூடும், ஆயினும் ஸுஜூதில் உள்ளங்கை தரையில் படுவதையே தாம் விரும்புவதாக அவர்கள் 'அல்உம்மு' கிதாபில் கூறியிருப்பது, நாண் இழுத்துப் பழகிய கையின் சொல்.

மறுநாள் வாலிபரை அழைத்து, நாம் சொன்னது தவறு என்பதை முதலில் ஒப்புக்கொண்டோம். அவர் கேட்டார்: "ஹஜ்ரத், இறகு காய்ந்துதானே இருந்தது? காய்ந்த நஜீஸ் ஒட்டாது என்று ஓதிக் கொடுத்தீர்களே?" ஒட்டாது என்பது சரி. உலர்ந்த கை உலர்ந்த பருந்திறகைத் தொட்டால் கை கழுவ வேண்டியதில்லை. ஆனால் ஒட்டுவது வேறு, தொழுகையில் சுமப்பது வேறு. ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் கொடுக்கச் சிறுநீரைக் குப்பியில் அடைத்து, மூடி இறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் தொழுதால், ஒரு துளி வெளியே வராவிட்டாலும் தொழுகை கூடாது. இதுவும் அப்படியே. தொழுகைக்கு வெளியே அந்த அம்பைப் பிடிப்பதாலும் எய்வதாலும் மட்டும் குற்றமில்லை. ஆனால் நஜீஸான பொருளை விற்பது ஷாபிஈ மத்ஹபில் செல்லாது என்பதால், அத்தகைய இறகு வியாபாரத்தையும் தவிர்க்க வேண்டும்.

"அப்படியானால் நான் தொழுதது?" என்றார். முகம் வாடிவிட்டது. தெரியாமல் நஜீஸைச் சுமந்து தொழுதாலும் திரும்பத் தொழ வேண்டும் என்பதே ஷாபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட சொல். ஹனபி சட்டத்தைப் பின்பற்றித் தப்பிக்கலாமா என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. ஞாயிறு ளுஹர்கள் மட்டும்தான் என்றார். விரல் விட்டு எண்ணினார், எட்டு வந்தது. எட்டையும் அடுத்தடுத்த நாட்களில் கழாச் செய்துவிட்டதாக நம்மிடம் வந்து சொன்னார். அந்த எட்டில் கடைசியானது தொழுத பிறகும் அவர் கேட்ட அதே கேள்விக்கு நாம் அவசரத்தில் சொன்ன தவறான பதில் நம் கணக்கில் இருக்கிறது, அல்லாஹ் மன்னிப்பானாக.

பருந்திறகில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவைகளின் இறகும் அச்சட்டத்துக்கு உட்பட்டதே. மயிலின் வால் தோகைக்கு மட்டும் உள்நாட்டில் சலுகை இருக்கிறது. அம்புக்கு உதவுவதோ வால் தோகை அல்ல, சிறகின் இறகு. பிணந்தின்னிக் கழுகுகளின் நிலை இன்னும் பரிதாபம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, 1990-களில் அவற்றை நாடெங்கும் அழித்துவிட்டது. 2006-ல்தான் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. எஞ்சியிருக்கும் பறவையின் இறகுக்கு விலை வைத்தால் அதன் உயிருக்கு யாராவது குறி வைப்பார்கள். உயிருள்ளதை வைத்துக் குறி பார்ப்பவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதே காரணத்தால், ஆகுமான பறவையானாலும் உயிரோடு பிடித்து இறகைப் பிடுங்கி வதைக்கக் கூடாது. சட்டப்படி இறகு சுத்தம். செய்த காரியம் பாவம்.

மயிலைப் பற்றிச் சொன்னதால் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. மயில் ஹனபி மத்ஹபில் உண்ண ஆகுமானது; ஷாபிஈ மத்ஹபில் வலுவான சொல்லின்படி ஆகாதது. நம் பிள்ளைகள் மயிலிறகு குட்டி போடும் என்று புத்தகத்துக்குள் வைப்பார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தோடு நின்றால் சரி. ஷாபிஈ வீடுகளில் அதைக் குர்ஆன் ஷரீஃபுக்குள் அடையாளமாக வைக்கும் வழக்கம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். முஸ்ஹஃபுக்குள் நஜீஸை வைக்கலாகாது. ஓர் அழகான காகிதத்தை வைத்தால் போயிற்று.

அப்படியானால் ஷாபிஈயான வில்லாளி எதைத்தான் ஒட்டுவது? வான்கோழியும் பெரிய வாத்தும் இருக்கின்றன. உலகெங்கும் இன்று அம்புக்கு மிகுதியாகப் பயன்படுவது வான்கோழி இறகே. நீளமும் அகலமும் விறைப்பும் ஒருங்கே வாய்த்தது. வாத்து இறகு சற்றுக் குறுகலானாலும் ஈரத்தைத் தாங்கும். நம் சாதாரணக் கோழியின் இறகு மெத்தென்றிருக்கும், வேலைக்கு ஆகாது. இறகு கடையில் வாங்கியது, எந்தப் பறவையோ, எப்படி எடுத்ததோ தெரியாது என்றால் என்ன செய்வது? இதற்கும் கிதாபில் பதில் இருக்கிறது. ஆகுமான பிராணியினுடையதா, ஆகாததா, உயிரோடு பிரிந்ததா, செத்த பின் எடுத்ததா என்று ஐயப்படும் முடிக்கும் இறகுக்கும் சுத்தம் என்றே தீர்ப்பு. தோண்டித் துருவ வேண்டியதில்லை. உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே விலக வேண்டும். சாயமேற்றிய இறகுப் பொட்டலத்தைக் காட்டி ஒருவரை ஒருவர் சந்தேகப்படுத்துவது வஸ்வாஸ்.

வாலிபரின் தாயார் ஒரு வான்கோழியை வாங்கி அறுக்கச் செய்தார். கறி அண்டை வீடுகளுக்கும் போயிற்று. கோழிக் கடைகளில் அறுத்தவுடன் பறவையை வெந்நீரில் முக்கி இறகைப் பிடுங்குவார்கள். அந்த நீரில் இரத்தம் கலந்திருக்கும். சூட்டில் இறகும் வளைந்து கெட்டுவிடும். ஆகவே முக்குவதற்கு முன்பே சிறகின் நீண்ட இறகுகளைத் தனியே எடுத்துவிடச் சொன்னோம். இடச் சிறகு ஒரு கட்டு, வலச் சிறகு ஒரு கட்டு. அடிக்காம்பில் இருந்த இரத்தத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சோப்பிட்டு அலசி, நிழலில் பரப்பிக் காயவைத்தார்கள். பறவையின் ஒரு சிறகில் முதன்மையான நீண்ட இறகுகள் பத்து. பக்கத்துக்கு மூன்று அம்பு, ஆக ஆறு அம்புக்கு இறகு தேறும். ஒன்றிரண்டு நைந்திருந்தால் அதுவும் குறையும். அம்பு செய்தவனுக்கும் சுவனத்தில் பங்கு என்பதன் பாடு அப்போது புரிகிறது.

நடுத்தண்டைக் கூர்க்கத்தியால் நெடுக்காகப் பிளந்து, அடிப்பாகத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் இறகின் முன்நுனியில் நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். இதைப் பலர் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். அம்பு கைமீது உரசிச் செல்லும்போது, கட்டப்படாத காம்பு நுனி தூக்கிக்கொண்டு நின்றால் விரலைக் கிழித்துவிடும்.

பெரியவரின் அதட்டலில் ஒரு நியாயமும் இருந்தது. அதையும் வாலிபரிடம் சொன்னோம். பள்ளிவாசலில் அம்புகளோடு கடந்து சென்ற ஒருவரை, யாருக்கும் காயம் படாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முதுகில் தூணியோடு ஸப்பில் நின்றால், குனியும்போது பின்னால் நிற்பவரின் கண்ணுக்கு ஆபத்து. ஆதலால் இறகு சுத்தமானதாகவே இருந்தாலும் தூணியைக் கழற்றி, முனைகளுக்குத் துணி சுற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுத் தொழுவதே ஒழுங்கு. இப்போது அவர் அப்படித்தான் செய்கிறார்; பெரியவர் தாமாகவே தூண் மறைவில் ஓர் இடம் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

பழைய அம்புகளின் தண்டுகளை எறிய வேண்டியதில்லை. உலர்ந்த நிலையில் பருந்திறகைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பசையோடு இறகின் துணுக்குகள் தண்டில் ஒட்டி நின்றால், அவற்றையும் உப்புத்தாளால் முழுதும் தேய்த்து அகற்றிய பின் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்துக்கொண்டால் தண்டு சுத்தம். மூங்கிலை உடனே நிழலில் நிமிர்த்திக் காயவைக்க வேண்டும், இல்லையேல் வளைந்துவிடும்.